நான் மடித்த சீட்டுகள்

கெடுங்வாரு, தெற்குக் குடியிருப்பு,
புதன் இரவு.

அன்புள்ள காங் வாசிஸுக்கு,

உங்கள் மனைவி லாராஸ் எழுதுவது. அந்தக் காட்டு முகாமில் வெட்டுகிற மரமும் ஓடுகிற இயந்திரமும் உங்களுக்கு ஒரு தீங்கும் செய்யாமல் இறைவன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே அத்தை, கினந்தி, நான் மூவரும் உடம்பால் நலம். மற்றதை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக் காலை உங்களை வேலைக்கு அனுப்பிய ஏஜென்ட் அலுவலகத்தில் கொடுத்தால் வெள்ளிக்கிழமை தபால் பையில் சேர்ந்துவிடுமாம்.

கினந்திக்குக் கடைவாய்ப் பல் இரண்டு முளைத்துவிட்டது. இருமல் இன்னும் முழுதாக விடவில்லை. ஆனாலும் தூங்குகிறாள். போன மாதம் வரை உங்கள் போட்டோவைக் காட்டினால் மட்டும் "அப்பா" என்பாள். இப்போது மீசை வைத்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் அப்பாதான். தேர்தல் சுவரொட்டியில் இருக்கும் நம் எதிராளி தர்சானைப் பார்த்துக்கூட நடுச் சந்தையில் "அப்பா" என்று கத்திவிட்டாள். அத்தை பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். சிரிக்க வேண்டிய விஷயம். எங்களால் சிரிக்க முடியவில்லை.

போன கடிதத்தில் பெரியப்பா ஊர்த்தலைவர் ஆவது உறுதி என்று எழுதியிருந்தேன். அவர் தோற்றுவிட்டார். ஒன்பது ஓட்டு வித்தியாசம். தோற்றுவிட்டார் என்ற சொல்லை நம் குடியிருப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நானும் இந்தத் தாளில்தான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் சுகெங் அண்ணனும் உங்களுக்கு எழுதுவார். பெரியப்பாவின் மகன் எழுதுவதும் நான் எழுதுவதும் ஒன்றாக இருக்காது.

தேர்தல் அன்று காலை ஏழு மணிக்கே இரண்டு வேட்பாளர்களும் மனைவியோடு மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பெரியப்பா கல்யாண மாப்பிள்ளை மாதிரி பாத்திக் கைலியும் தலைக்கட்டுமாக இருந்தார். அவர் நாற்காலிக்கு மேலே அவர் சின்னமான நெற்கதிர்க் கட்டு, தர்சானின் நாற்காலிக்கு மேலே சோளக்கதிர். ஊரே வரிசையாகத் தங்களைக் கடந்து போவதைப் பார்த்தபடி சாயங்காலம் வரை இருவரும் அசையக்கூடாது. பெரியம்மாவுக்குக் கால் மரத்துப்போய், கடைசியில் இரண்டு பேர் பிடித்து இறக்கிவிட வேண்டியிருந்தது. பெரியப்பா மட்டும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

எண்ணும்போது தலைமை ஆசிரியர் முல்யாதி ஒவ்வொரு சீட்டாக விரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். உங்கள் காதைத் திருகிய அதே கை, இப்போது கொஞ்சம் நடுங்குகிறது. ஓட்டாகக் குத்திய ஆணித் துளை ஒரு படத்தில் மட்டும் இருந்தால் கூட்டம் "செல்லும்!" என்று கத்தும். தேர்தல் குழுவின் செயலாளர் என்பதால் நான் கரும்பலகையில் கோடு போடுவேன். கடைசியாக நம் குடியிருப்பின் பெட்டி. அதுவரை தர்சான் முன்னால் இருந்தும் யாரும் கவலைப்படவில்லை. நம் பெட்டி முழுக்க நெல்தான் என்று ஊருக்கே தெரியும்.

அந்தப் பெட்டியில்தான் இரண்டு துளைச் சீட்டுகள் வந்தன. நெல் மேல் ஒன்று, சோளத்தின் மேல் ஒன்று. இரண்டு பேருக்கும் குத்தினால் செல்லாது, அதில் சந்தேகமே இல்லை. முதல் சீட்டுக்குக் கூட்டம் சிரித்தது. யாரோ, "ரெண்டு பேரையும் கட்டிக்கிட்டான்டா!" என்று கத்தினார்கள். ஐந்தாவது வந்தபோது சிரிப்பு நின்றது. மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தொரு கோடுகளையும் செல்லாத பக்கத்தில் போட்டது என் கை.

காங், மூன்றாவது சீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் குடியிருப்பின் சீட்டுகளை மடித்தது நான். தேர்தலுக்கு முந்தின நாள், வீட்டில், தரையில் பாய் விரித்து. மேல்பாதியில் நெல், கீழ்ப்பாதியில் சோளம், அடி ஓரத்தில் முத்திரை. மடித்த பிறகும் முத்திரை வெளியே தெரியவேண்டும் என்பது விதி. தலைமை ஆசிரியர் ஒரு முறை காட்டியிருந்தார். இரண்டு படமும் உள்ளே ஒன்றையொன்று பார்த்தபடி மடித்து, இன்னொரு மடிப்பு மடித்து, முத்திரை ஓரத்தை மட்டும் வெளியே திருப்ப வேண்டும். மொத்தம் மூன்று மடிப்பு. அன்று கினந்திக்கு வயிற்றுப்போக்கு. ஒரு கையில் அவள், மறு கையில் சீட்டு. கீழ்ப்பாதியைப் பின்பக்கமாகத் திருப்பினால் முத்திரை தானாகவே வெளியே வருகிறதே என்று எனக்குத் தோன்றியது. அதன்மேல் இன்னொன்று, இரண்டே மடிப்பில் வேலை முடிந்தது. கல்லூரியில் படித்தவள் மூளை, பாருங்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அத்தைக்கும் அப்படியே மடிக்கக் கற்றுக்கொடுத்தேன்.

என் மடிப்பில், சீட்டை ஒரு தரம் பிரித்தால் நெல் படம் கண்ணெதிரே வரும். சோளம் முதுகுப்பக்கம், நெல்லுக்கு நேர் பின்னால். நம் ஆட்கள் நெல்லைப் பார்த்தார்கள், போதும் என்று ஆணியை எடுத்துக் குத்திவிட்டார்கள். ஆணி இரண்டு தாளையும் துளைத்துக்கொண்டு போய்விட்டது. முழுக்க விரித்துப் பார்க்காதவர்கள் முப்பத்தொரு பேர். அதில் பாதிப் பேர் பெரியப்பாவுக்காக விரதம் இருந்தவர்களாகக்கூட இருக்கும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, இது என் மடிப்பு என்று ஒரு வார்த்தை. கூட்டத்தைப் பார்த்தேன், கினந்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற அத்தையைப் பார்த்தேன், வாய் வரவில்லை.

முடிவைப் படித்ததும் வேட்பாளர்கள் இருவரும் எழுந்து கைகொடுக்க வேண்டும். போட்டோ எடுப்பவர் தயாராக நின்றார். தர்சான் கையை நீட்டிவிட்டார். பெரியப்பா எழுந்திருக்கவே இல்லை. தலைமை ஆசிரியர் குனிந்து, "கை குடுங்க ஹர்ஜோனோ, ஊரு பாக்குது" என்றார். பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, "கை உனக்குத்தான் நல்லா வேலை செய்யுதே, முல்யாதி" என்றார். அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது, தலைமை ஆசிரியர் நகத்துக்குள் ஆணி முனையை ஒளித்து வைத்துக்கொண்டு, தூக்கிக் காட்டும் சாக்கில் சோளத்தில் குத்திவிட்டார் என்று. நகத்துக்குள் ஆணியை எப்படி ஒளிப்பது என்று யாரும் கேட்கவில்லை.

இது நடந்து பதினேழு நாள் ஆகிறது. ஊரில் இப்போது இரண்டு லூரா. ஊர்த்தலைவர் என்று அரசாங்கக் காகிதம் தர்சானைத்தான் சொல்கிறது. ஆனால் பெரியப்பா வீட்டு வாசலில் கால் வைப்பவர்கள் எல்லாரும் "பாக் லூரா" என்றுதான் அவரைக் கூப்பிடுகிறார்கள். பெரியம்மாகூட, "லூரா இன்னும் சாப்பிடல" என்கிறார். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் பெரியம்மா அவரை அப்படிக் கூப்பிட்டு நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? வாசலில் போட்ட பந்தலை இன்னும் பிரிக்கவில்லை. மேடையில் தொங்கிய நெற்கதிர்க் கட்டைக் கொண்டுவந்து கதவு நிலையில் கட்டியிருக்கிறார்கள். குருவிகள் கொத்திக் கொத்தி, இப்போது வெறும் வைக்கோல்தான்.

சோளத்துப் பையன்கள் மோட்டார்சைக்கிளில் சோளக்கதிரைக் கட்டிக்கொண்டு நம் தெருவில் வந்து, "லூரா, அறுப்பு எப்போ?" என்று கத்திவிட்டுப் பறக்கிறார்கள். நம் பக்கத்துப் பெண்கள் மட்டும் சும்மாவா? தெம்பே என்கிற சோயாக் கட்டி விற்கிற சார்த்தி அக்கா, எதிர்ப்பக்கத்துக்காரி ஒருத்தி வந்து கேட்டபோது, "சோளம் தின்ன வயித்துக்கு இதெல்லாம் ஒத்துக்காதும்மா, போயிட்டு வா" என்று கூடையை மூடிவிட்டார். குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் தாய்மார்கள் இரண்டு வரிசையாக நின்றோம், ஒரு தராசுக்கு. கினந்தியோடு விளையாடும் குழந்தையை அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். நோன்பு மாதம் நெருங்குகிறது. இரவுத் தொழுகைக்கும் இரண்டு வரிசையா என்று அத்தை கேட்டார்.

பெரியப்பா தன் நிலத்தின் வழியாகப் போகும் ஒற்றையடிப் பாதையை மூங்கில் வைத்து அடைத்துவிட்டார். நிலம் அவருடையது, யார் என்ன கேட்க முடியும்? தலைமை ஆசிரியருக்குத் தெருவுக்கு வர வேறு வழி கிடையாது. வயல் வரப்பில்தான் நடக்கிறார். போன வாரம் காலைத் தொழுகைக்குப் போகும்போது வாய்க்காலில் விழுந்து முழங்கால் வீங்கிக் கிடக்கிறார். அவர் வீட்டு ஜன்னலில் யாரோ கல்லும் எறிந்திருக்கிறார்கள். நான் பார்க்கப் போனேன், வரப்பு வழியாகத்தான். கட்டிலில் இருந்தபடி என்னிடம், "லாராஸ், நீ பக்கத்துலதானே நின்ன. என் கை ஏதாவது பண்ணிச்சா? எனக்கே சந்தேகமா இருக்கும்மா, நடுங்குதில்ல" என்று கேட்டார். கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். இல்லை சார் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். என்னை நானே வெறுத்த நாள் அது.

நாளை வட்டார அலுவலகத்தில் இரு தரப்பையும் கூப்பிட்டிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அதற்காக சுகெங் அண்ணன் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். தலைமை ஆசிரியரின் கட்டைவிரல் சீட்டில் அழுந்தியதைப் பார்த்தேன் என்று நான் சொல்வதாக. அடியில் என் பெயர், கையெழுத்துக்கு இடம். "உனக்கு ஒரு நிமிஷ வேலை. நீ குழுவிலயும் இருந்த, எங்க வீட்டுப் பொண்ணாவும் இருக்க. இத விட நல்ல சாட்சி யாரு?" என்றார். யோசிக்கிறேன் என்றேன். "யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? வாசிஸ் இருந்தா யோசிப்பானா?" என்றார்.

நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று பதினேழு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். மாமா போனபிறகு உங்களைப் படிக்கவைத்தவர் பெரியப்பா. இந்த மனை அவர் கொடுத்தது. கினந்தி பிறந்த அன்று மழையில் மருத்துவச்சியைத் தேடி ஓடியவரும் அவர்தான். அதனால்தான், யாரிடம் சொல்வதானாலும் முதலில் அவரிடம்தான் சொல்லவேண்டும் என்று நேற்று மத்தியானம் போனேன்.

கினந்தியையும் கூட்டிப்போனேன். தைரியத்துக்கு. பந்தலின் கீழே தனியாக உட்கார்ந்திருந்தார். பழக்கத்தில் "பெரியப்பா" என்று கூப்பிட்டேன். உள்ளேயிருந்து சுகெங் அண்ணன், "லூரான்னு கூப்பிடு" என்றார். பெரியப்பா கையை அசைத்து அவரை வெளியே அனுப்பிவிட்டார். நான் சொன்னேன். மடித்தது, முத்திரை, இரண்டு மடிப்பு, எல்லாம். கத்துவார் என்று நினைத்தேன். கிடந்த தேர்தல் நோட்டீஸ் ஒன்றை எடுத்து நீட்டி, "மடிச்சுக் காட்டு" என்றார்.

மடித்தேன். அவர் ஒரு தரம் பிரித்தார். வேலிக்கு வாங்கிய ஆணிகள் பக்கத்தில் டப்பாவில் இருந்தன. ஒன்றை எடுத்து, தலைக்கட்டை முழங்காலில் வைத்து, அதன்மேல் தாளை வைத்துக் குத்தினார். பிறகு முழுக்க விரித்தார். இரண்டு துளை. வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார், தலைமை ஆசிரியர் தூக்கிய மாதிரியே. கினந்தி அதைப் பார்த்துவிட்டு "செல்லும்!" என்று கத்தினாள், காங். அன்று கூட்டத்தில் கேட்டுக் கற்றுக்கொண்டது. எனக்கு அங்கேயே உயிர் போய்விடும் போல் இருந்தது.

தாளை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப யாரும் திருடல" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமலே பேசினார். "இதச் சொன்னா நாற்காலி வருமா? வராது. ரெண்டு படத்துலயும் ஓட்டை. எவன் பாத்தாலும் செல்லாதுதான். நாற்காலியும் வராது, திருடனும் போயிடுவான். எனக்கு என்னம்மா மிஞ்சும்? என் வீட்டுப் பொண்ணே மடிச்சு முடிச்சிட்டான்னு சிரிப்பு மிஞ்சும். திருட்டுக் குடுத்தவன்னா கூட நாலு பேரு நிப்பான். தோத்தவன் கூட யாரு நிப்பா?"

நான் அழுதேன். தலைமை ஆசிரியருக்கு என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். அடைத்த பாதையின் பக்கம் பார்த்துக்கொண்டே, "அவன் கால் எப்படி இருக்கு?" என்றார். வீங்கியிருக்கிறது என்றேன். தாளை நான் மடித்த மடிப்பிலேயே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கினந்திக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் சுகெங் அண்ணன் நம் வீட்டுக்கு வரும் பாதையின் ஓரத்தில் எட்டு மூங்கில்களைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். இன்னும் நடவில்லை. சும்மா கிடக்கின்றன. அத்தை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, விளக்கைத் தூண்டி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பெரியப்பா சொல்லித்தான் போட்டார்களா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருக்கிறது.

நான் பயந்தவள், காங், உங்களுக்குத் தெரியும். கினந்தியின் இருமல் அதிகமானால் எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றுதான் முதலில் யோசனை போகிறது. வரப்பு வழுக்கும். மழை வந்துவிட்டால் வாய்க்கால் நிரம்பிவிடும். நம் மனை நமக்கு இல்லை என்று சொல்லிவிட்டால் அத்தையை எங்கே கூட்டிப்போவது? எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன். யோசித்த பிறகும் அந்தக் கையெழுத்தைப் போட முடியாது என்றுதான் தெரிகிறது. போடாமல் வாயை மூடிக்கொண்டு வரலாம், அதுவும் முடியாது. அந்த மனிதர் தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு கிடக்கிறார். நாளை பெட்டியைத் திறக்கும்போது சீட்டில் என் மடிப்பின் தடம் அப்படியே இருக்கும். அதன்படி மடித்தால் துளைக்கு நேராகத் துளை நிற்கும். அதைக் காட்டப்போகிறேன்.

சுகெங் அண்ணனின் கடிதம் முதலில் வந்தால், இதைப் படிக்கும் வரை கோபப்படாமல் இருங்கள். இதைப் படித்தபிறகும் கோபம் வந்தால் அது எனக்கு உரியதுதான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, பெரியப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். கால்நடை எப்படி இருக்கிறது, அவருடைய இருமலுக்கு மருந்து சாப்பிடுகிறாரா, இதையெல்லாம் கேளுங்கள். முதல் வரியில் "அன்புள்ள பெரியப்பாவுக்கு" என்று எழுதுங்கள். அவரை அப்படிக் கூப்பிட இப்போது யாருமே இல்லை. நாளைக்குப் பிறகு நான் கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ.

பெருநாளுக்கு உங்களுக்கு விடுப்பு கிடைத்தால், பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். நம் வீட்டுக்குப் பிறகு வரலாம். அவர் முழங்காலில் நெற்றி வைத்து, பெருநாளில் பெரியவர்களிடம் கேட்கிற வழக்கப்படி, வெளியே தெரிந்து செய்ததற்கும் உள்ளே மறைத்து வைத்ததற்கும் சேர்த்து மன்னிப்புக் கேளுங்கள். என் பங்கையும் கேளுங்கள். அதற்குப் பிறகு பாதை அடைத்திருந்தால் வரப்பு வழியாக வாருங்கள். வாய்க்கால் முனையில் விளக்கோடு நிற்பேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்காதீர்கள்.

உங்கள்
லாராஸ்

வியாழன் காலை. உறையை ஒட்டுவதற்கு முன் இரண்டு வரி.

எழுந்து வந்தபோது அத்தை குளித்து, பெருநாளுக்கு மட்டும் உடுத்தும் அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கினந்திக்குத் தலைவாரி, வாசலில் உட்கார்ந்திருந்தார். எங்கே கிளம்பிவிட்டீர்கள், உங்களுக்கும் அழைப்பு வந்ததா என்று கேட்டேன். செருப்பைத் தேடிக்கொண்டே, "நானும்தானே மடிச்சேன்" என்றார்.

மூங்கில்கள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. நாங்கள் மூன்று பேரும் அவற்றைத் தாண்டிக்கொண்டு கிளம்புகிறோம். இறைவன் உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும், பெரியப்பாவின் பக்கத்திலும் இருக்கட்டும்.